வேங்கடச் சாரலின் இசைத்தட்டுகள்

தமிழகத்தின் வட எல்லையைச் சொல்ல வந்த தொல்காப்பியப் பாயிரம் வேங்கட மலையைச் சுட்டிற்று. இளங்கோவடிகளும் அம்மலையைப் பாடினார். ஆயினும் வேங்கடம் இரு மொழிகளை அடைத்து நிறுத்திய மதிலாக ஒருநாளும் நின்றதில்லை. அதன் அடிவாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் குடியிருந்தன. ஒரே சந்தையில் விலை பேசின. சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில் அமைந்த புத்தலப்பட்டு என்னும் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'பட்டு' என்று முடியும் ஊர்ப்பெயர்கள் செங்கற்பட்டு முதலாகத் தொண்டை மண்டலத்தில் பல உள்ளன. ஊர்ப்பெயர்களில் உறையும் இவ்வுறவை ஆராய்ந்தோர் பலர். இவ்வட்டாரத்து வீடுகளின் பரண்களில் உறங்கும் பழைய இசைத்தட்டுகளில் உள்ள உறவை ஆராய்ந்தோர் மிகச் சிலரே. அத்தட்டுகளின் வரலாற்றையும், அவற்றைத் திரட்டிக் காப்பதன் இன்றியமையாமையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பகுதியில் வாழும் தமிழ்க் குடும்பத்தாராகிய நாம் ஒரே வகையினர் அல்லேம். ஆசிரியப் பணிக்கும், இரயில்வேப் பணிக்கும், வணிகத்திற்கும் தெற்கிலிருந்து வந்து தங்கியோர் சிலர். குடிபெயராமலே அயல் மாநிலத்தாராகிப் போனோர் வேறு சிலர். 1911ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் வட ஆற்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டபோது அது சென்னை மாகாணத்தின் ஓர் உறுப்பு. 1953ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அது ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வட எல்லைப் போராட்டமும், படாஸ்கரின் பரிந்துரையும், அவற்றின் பயனாக 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்தோடும் சத்தியவேடு ஆந்திரத்தோடும் சேர்ந்ததும் நாம் நன்கறிந்த வரலாறு. வரைபடத்தில் கோடுகள் இவ்வாறு இடம் மாறிய அரை நூற்றாண்டில், வீட்டுக் கூடத்தில் சுழன்ற இசைத்தட்டு என்ன செய்தது? அது எந்தக் கோட்டையும் பொருட்படுத்தவில்லை என்பதே நம் விடை. அவ்விடைக்குச் சான்று தட்டுகளிலேயே உள்ளது.

அரக்கில் அடைத்த குரல்

1902ஆம் ஆண்டு நவம்பரில் இலண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் கருவிகளை இறக்கினார். இந்தியாவில் வணிக முறையில் நடந்த முதல் ஒலிப்பதிவு அது. அவ்வாண்டில் பாடியவருள் பெரும் புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். மெழுகில் பதித்த பாடல் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகரை அடையும்; அங்குத் தட்டாக அழுத்தப்பெற்று மீண்டும் கடல் கடந்து வரும். தொலைவிலுள்ள தொழிற்சாலையில் குரலுக்குரியவர் இன்னார் என்று அறியும் பொருட்டுப் பாடி முடித்ததும் கலைஞர் தம் பெயரைத் தாமே சொல்லும் வழக்கம் இருந்தது. கல்கத்தாவின் சியால்தாவில் தொழிற்சாலை எழுந்த பிறகே அயல்நாட்டுப் பயணம் குறைந்தது. 1920களின் இறுதியில் டம்டம் தொழிற்சாலை வந்தது. சென்னையில் பாடி, வங்காளத்தில் அச்சாகி, மீண்டும் சென்னைக்கு வந்து, அங்கிருந்து சித்தூர் போன்ற ஊர்களுக்குப் பிரிந்து செல்வது நெடுங்காலம் தென்னாட்டுத் தட்டின் பயணமாயிற்று.

அந்நாளைய தட்டின் உயிர்ப்பொருள் அரக்கு. சோட்டா நாகபுரிக் காடுகளில் அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரந்த பிசினை உருக்கி, கல்தூளும் கரியும் கலந்து தட்டை வார்த்தனர். பாரதக் கதையில் பாண்டவரை அழிக்க எழுப்பியது அரக்கு மாளிகை. அதே அரக்கு, பாடியவர் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னும் அவர் குரலை அழியாமற் காக்கும் மாளிகையுமாயிற்று. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமும் சில நொடிகளுமே பாட இயலும். ஒரு மணி நேரம் இராகத்தை விரித்தவர்கள் அம்மூன்று நிமிடத்துக்குள் இராகத்தின் சாயலையும் கீர்த்தனையின் உருவையும் அடக்க நேர்ந்தது. சுருங்கச் சொல்லி விளங்க வைக்கும் இக்கலையைச் சிலர் எளிதிற் கைக்கொண்டனர். சிலர் அதனை ஏற்க மறுத்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னையில் ஒலிப்பதிவு நடைபெற்றது. கோயம்புத்தூர் தாயி, சேலம் கோதாவரி முதலிய பெண் கலைஞர்களே அக்காலத் தட்டுகளில் மிகுதியும் ஒலித்தனர். 1872 முதல் 1917 வரை வாழ்ந்த தாயியின் தட்டொன்று கடல் கடந்து சென்று, மோரிஸ் டெலாஜ் என்னும் பிரெஞ்சு இசையமைப்பாளரின் செவியில் விழுந்தது. தாயி பாடிய இராமலிங்க அடிகளாரின் பாடலைத் தழுவி அவர் குரலுக்கும் பியானோவுக்கும் உரிய 'ராகமாலிகா' என்னும் இசைப்படைப்பை அமைத்தார். வடலூர் வள்ளலாரின் பாடல் பாரிசு நகரத்துப் பியானோவில் ஒலிப்பதற்குக் காரணமாயிருந்தது ஓர் அரக்குத் தட்டேயாகும்.

லேபிள் என்னும் சிறு கல்வெட்டு

தட்டின் நடுவில் ஒட்டிய வட்டமான லேபிளைப் பலர் அலங்காரம் என்றே எண்ணுகின்றனர். திரட்டுவோர்க்கு அதுவே கல்வெட்டு. கம்பெனியின் சின்னம், பாடியவர் பெயர், பாட்டின் முதற்சொல், இராகம், தாளம், மொழி, வரிசை எண் ஆகியவை அதில் உள்ளன. லேபிளுக்கும் பாட்டு வரிகள் முடியும் இடத்திற்கும் இடைப்பட்ட வெற்றிடத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் வேறொரு எண் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். அது அச்சு எண். கடையில் விற்பதற்கான வரிசை எண் பிற்கால வெளியீட்டில் மாறலாம். ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவின் அச்சு எண் அதனோடே தொடரும். வெவ்வேறு காலத்தில் வெளிவந்த இரு தட்டுகளில் இருப்பது ஒரே பதிவுதானா, பாடகர் மறுமுறை பாடியதா என்று தீர்மானிக்க அவ்வெண்ணே துணை. ஊரையும் ஆட்சியாண்டையும் கொண்டு கல்வெட்டறிஞர் காலம் கணிப்பதைப் போன்றதே இம்முறையும்.

நாய்ச் சின்னம் பொறித்த எச்.எம்.வி. தட்டுகளை நம் முன்னோர் 'நாய் மார்க்கு' என்றே கேட்டு வாங்கினர். கொலம்பியாத் தட்டுகளைத் தென்னாட்டில் பரப்பியது சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த ஆர்ஸ் கொலம்பியா ஹவுஸ். 1931இல் இவ்விரு கம்பெனிகளும் இலண்டனில் ஒன்றாய் இணைந்து ஈ.எம்.ஐ. ஆன பின்னும் இந்தியாவில் இரு சின்னங்களும் தனித்தனியே விற்பனையாயின. 1930களில் ஏ.வி. மெய்யப்பனும் கூட்டாளிகளும் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ் ஓடியன் தட்டுகளை வெளியிட்டது. ஒரு முழு நாடகத்தைப் பல தட்டுகளில் அடக்கி 'நாடக செட்' என்று விற்கும் வழக்கமும் அக்காலத்தில் பரவியது. மின்சாரம் எட்டாத சிற்றூரில் ஒரு வீட்டுத் திண்ணையில் சாவி கொடுத்த பெட்டியைச் சுற்றி ஊரே அமர்ந்து நாடகம் கேட்கும் வாய்ப்பை அது அளித்தது.

பாரதியார் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையும் இவ்வணிக வரலாற்றோடு பிணைந்ததே. அவ்வுரிமை முதலில் நகை வணிகர் ஒருவரிடமும், பின்னர் மெய்யப்பனிடமும் இருந்தது. பாரதி எல்லார்க்கும் உரியவர் என்று டி.கே. சண்முகம் முதலியோர் எழுப்பிய குரலின் பயனாக 1949இல் சென்னை அரசு அவ்வுரிமையைப் பெற்றது. பின்னர் அது நாட்டுக்குப் பொதுவாயிற்று. ஒரு பாட்டு யாருடையது என்ற வினாவைத் தமிழகம் உரத்துக் கேட்டதற்கு இசைத்தட்டும் ஒரு காரணம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

சித்தூர் என்னும் அடைமொழி

அக்காலத் தட்டுகளில் கலைஞர் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் நிற்பது மரபு. லேபிளில் ஏறிய ஊர்ப்பெயர், தட்டு சென்ற இடமெல்லாம் சென்றது. இலங்கை, பர்மா, மலாயா முதலிய நாடுகளில் தமிழர் வாழ்ந்த இடங்களுக்கெல்லாம் சென்னையின் தட்டுகள் சென்றன. அவ்வாறு புகழ் பெற்ற ஊர்ப்பெயர்களுள் சித்தூரும் ஒன்று.

1898 முதல் 1975 வரை வாழ்ந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் மாணவர். நயினாப் பிள்ளை இலய நுட்பத்தில் தமக்கு நிகரில்லாதவர். பக்க வாத்தியங்கள் பலவற்றை ஒருங்கே அமர்த்திப் பாடிய பேராற்றல் உடையவர். 1934இல் அவர் மறைந்தார். இசைத்தட்டு வணிகம் செழித்திருந்த காலத்தில் வாழ்ந்தும் அவர் தம் குரலை எந்தத் தட்டிலும் விட்டுச் செல்லவில்லை. மூன்று நிமிடச் சிறைக்குள் தம் இசையை அடைக்க அவர் இசையவில்லை. மாணவரோ தட்டுகளில் பாடினார். 'மதுரா நகரிலோ' என்னும் தெலுங்குப் பாடல் அவர் குரலில் தட்டாகி நாடெங்கும் பரவியது. 1954இல் சென்னை மியூசிக் அகாதமியின் சங்கீத கலாநிதி விருது அவரை அடைந்தது. அவருடைய மாணவர் மதுரை சோமுவோ நெடுந்தட்டுகளிலும் ஒலிநாடாக்களிலும் நமக்குக் கிடைக்கின்றார்.

இம்மூவரையும் ஒரு வரிசையில் வைத்துப் பார்ப்போம். ஆசிரியரிடம் ஒலி இல்லை. மாணவரிடம் மூன்று நிமிடத் துணுக்குகள் உள்ளன. மாணவரின் மாணவரிடம் நெடிய கச்சேரிகள் உள்ளன. நயினாப் பிள்ளையின் பாணி எவ்வாறு இருந்திருக்கும் என்று தேடுவோன் நடுவிலிருக்கும் அத்துணுக்குகளின் வழியாகவே பின்னோக்கிச் செல்ல வேண்டும். அந்த அரக்குத் தட்டுகளில் ஒன்று உடைந்தால் ஒரு பாடல் மட்டும் போவதில்லை. தட்டில் பாடாத ஒரு மேதையை நோக்கிச் செல்லும் வழியில் ஒரு படியும் போகின்றது. சித்தூர் பெயர் தாங்கிய அவர் காஞ்சியில் கற்று, தமிழும் தெலுங்கும் பாடி, மதுரைக்காரர் ஒருவருக்குத் தம் செல்வத்தை அளித்துச் சென்றார். இக்குரு மரபில் எல்லைக்கோட்டை எவ்விடத்தில் வரைவது?

சித்தூர் வி. நாகய்யாவின் கதை வேறு வகையினது. 1904இல் குண்டூர் மாவட்டத்து ரேபல்லெயில் பிறந்த அவர், சித்தூரில் வாழ்ந்து நாடக மேடையேறியதால் அவ்வூரைப் பெயரோடு இணைத்துக்கொண்டார். 1941இல் வந்த 'அசோக்குமார்' என்னும் தமிழ்ப்படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதரோடு அசோகச் சக்கரவர்த்தியாக நடித்தார். 1945இல் 'மீரா'வில் எம்.எஸ். சுப்புலட்சுமியோடு ராணாவாகத் தோன்றினார். அவ்விரு படங்களுக்கும் இடையே 1943இல் 'பக்த போதனா'விலும், பின்னர் 1946இல் 'தியாகய்யா'விலும் தெலுங்கு மக்களின் உள்ளத்தில் இடம்பெற்றார். 1973இல் மறைந்த அவரைத் தெலுங்கர் தெலுங்கராகவும், தமிழர் தம்மவராகவும் கொண்டாடினர். பிறப்பினால் வராத ஊர்ப்பெயரும் உழைப்பினால் வந்து நிலைக்கும் என்பதற்கு அவர் சான்று. பிழைப்பு நாடி வந்து இவ்வூரைத் தம் ஊராகக் கொண்டவர்கட்கு அச்சான்று ஆறுதல் அளிப்பது.

ஒரு மெட்டு, இரு மொழி

1931 அக்டோபரில் வெளிவந்த 'காளிதாஸ்' தமிழின் முதற் பேசும்படம் எனப்படுகின்றது. அதன் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினார் என்பதை இன்றைய இளைஞர் வேடிக்கையாகக் கருதலாம். சித்தூர்ப் பக்கத்துச் சந்தையில் நின்று கேட்டவர்க்கு அதில் வேடிக்கை ஏதுமில்லை. தமிழில் கேட்ட வினாவுக்குத் தெலுங்கில் விடை வருவது இங்கு இயல்பான பேச்சு.

பேசும்படம் வந்தபின் திரைப்பாடலே தட்டு வணிகத்தின் பெரும்பகுதியாயிற்று. அக்காலத்தில் சென்னையின் படநிலையங்கள் ஒரே கதையை இரு மொழிகளிலும் எடுத்தன. 1955இல் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா'வும் தமிழில் 'மிஸ்ஸியம்மா'வும் வந்தன. எஸ். ராஜேஸ்வரராவ் இசையமைத்த அவ்விரு படங்களிலும் நாயகனுக்குக் குரல் கொடுத்தவர் ஏ.எம். ராஜா. தெலுங்கில் என்.டி. ராமராவும் தமிழில் ஜெமினி கணேசனும் வாயசைத்தது ஒருவர் குரலுக்கே. அந்த ராஜா 1929இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்றவர். ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' 1959இல் தமிழில் வந்தபோதும், 1960இல் 'பெள்ளி கானுக' என்று தெலுங்கில் வந்தபோதும் இசையமைத்தவர் அவரே. 1989இல் அவர் இரயில் விபத்தில் இறந்தபோது இரு மொழி மக்களும் துயருற்றனர்.

இங்கேதான் வட்டார வெளியீட்டு வரலாறு பொருள் பெறுகின்றது. கம்பெனியார் தமிழ்ப்பட்டியல் ஒன்றும் தெலுங்குப்பட்டியல் ஒன்றும் தனித்தனியே வைத்திருந்தனர். ஒரே மெட்டு இரு பட்டியல்களில் இரு எண்களோடு வெளிவந்தது. மதுரையிலிருப்போர் தமிழ்த் தட்டையும் விசயவாடையிலிருப்போர் தெலுங்குத் தட்டையும் வாங்கினர். வேங்கடச் சாரலில் இருப்போரோ இரண்டையும் வாங்கக் கூடியவர்கள். இரு பட்டியல்களும் மீண்டும் ஒன்றாய்க் கூடிய இடம் எல்லைப்புறத்து வீட்டின் அலமாரி. திருமண வீடுகளுக்கும் திருவிழாக்களுக்கும் கூம்பு ஒலிபெருக்கி கட்டிய மைக்செட்காரரும் இரு மொழித் தட்டுகளையும் சுமந்து சென்றவரே. மணமகன் வீட்டார் ஒரு மொழியும் மணமகள் வீட்டார் மற்றொரு மொழியும் பேசும் திருமணத்தில் எத்தட்டை முதலில் வைப்பது என்பது அவரே தீர்த்து வைத்த சிறு வழக்கு.

மூன்று வேகங்கள்

1948இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி வினைல் என்னும் செயற்கைப் பொருளால் நெடுந்தட்டை வெளியிட்டது. நிமிடத்திற்கு முப்பத்து மூன்றே கால் அல்லது முப்பத்து நான்கு சுற்று என்று மயங்குவோர் உளர். அதன் வேகம் சரியாக முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் ஆகும். 1949இல் நாற்பத்தைந்து சுற்றுச் சிறுதட்டு வந்தது. மேலைநாடுகள் எழுபத்தெட்டுச் சுற்று அரக்குத் தட்டை விரைவில் கைவிட்டன. இந்தியாவில் அது 1960களிலும் அச்சாகிக்கொண்டே இருந்தது. காரணம் எளிது. வினைல் தட்டுக்கு மின்சாரத்தில் இயங்கும் கருவி வேண்டும். அரக்குத் தட்டுக்குச் சாவி கொடுக்கும் கை போதும். மின்கம்பம் வராத ஊர்களில் பழைய பெட்டியே பாடியது. பிரிட்டனின் பீட்டில்ஸ் குழுவினரின் பாடல்கள் அவர்தம் நாட்டில் நாற்பத்தைந்து சுற்றில் வெளியாக, இந்தியாவில் எழுபத்தெட்டுச் சுற்றிலும் வெளியாயின. இன்று உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் அவ்விந்தியத் தட்டுகளைப் பெரும்பொருள் கொடுத்துத் தேடுகின்றனர். நம் சிற்றூர்களின் மின்சாரமின்மை அவர்கட்கு அரும்பொருளாயிற்று! ஒரு பாட்டு எங்கு, எவ்வேகத்தில், எச்சின்னத்தில் வெளிவந்தது என்னும் செய்தி, அவ்விடத்து மக்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதையும் கூறும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நெடுந்தட்டு வந்ததும் நீண்ட பாராயணங்களுக்கு இடம் கிடைத்தது. 1926இல் பத்து வயதுச் சிறுமியாகத் தம் முதல் தட்டைப் பாடிய எம்.எஸ். சுப்புலட்சுமி, 1963இல் வேங்கடேச சுப்ரபாதத்தை நெடுந்தட்டில் பாடினார். திருமலையின் விடியல் தென்னாட்டு வீடுகளின் விடியலாயிற்று. மார்கழித் திங்களில் அத்திருமலையிலேயே சுப்ரபாதத்திற்கு மாற்றாக ஆண்டாளின் திருப்பாவை ஓதப்படுகின்றது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் மெட்டமைத்த அத்திருப்பாவையை எம்.எல். வசந்தகுமாரி தட்டில் பாடினார். ஒரே மலையின் வடமொழிக் காலையும் தமிழ்க் காலையும் இவ்வாறு தட்டுகளில் ஏறின. தெலுங்குக் காலையும் பின்தொடர்ந்தது.

செப்பேடும் இசைத்தட்டும்

பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியாரின் தெலுங்குப் பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலின் சிற்றறை ஒன்றில் வைக்கப்பட்டிருந்தன. 1922ஆம் ஆண்டளவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அவ்வேடுகள் மீண்டும் வெளிப்பட்டன. பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் அவற்றிற் கிடைத்தன. ஏடு சொல்லைக் காத்தது. இராகத்தின் பெயரையும் காத்தது. பாடிய குரலையும் மெட்டையும் காக்க அதனால் இயலவில்லை. ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா முதலிய அறிஞர் அவற்றுட் பலவற்றிற்குப் புதிதாக மெட்டமைத்தனர். 1979, 1980ஆம் ஆண்டுகளில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் 'பாலாஜி பஞ்சரத்ன மாலை' என ஐந்து நெடுந்தட்டுகள் எம்.எஸ். குரலில் வெளிவந்தன. அன்னமாச்சாரியாரின் பாடல்கள் அவற்றில் இடம்பெற்றன. செப்பேட்டில் உறங்கிய பாட்டு வினைல் தட்டில் விழித்தது.

செப்பேட்டையும் இசைத்தட்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலனாகும். செப்பேடு குரலை இழந்து சொல்லைக் காத்தது. இசைத்தட்டு குரலைக் காக்கின்றது. ஆனால் லேபிள் கிழிந்தால் அக்குரல் யாருடையது என்பதை இழக்கின்றது. முன்னது நானூறு ஆண்டு பூட்டிய அறையில் கிடந்தும் கெடவில்லை. பின்னது நாற்பது கோடைகள் பரணில் கிடந்தாலே வளைந்தும் விரிந்தும் போகும். அன்னமாச்சாரியாரின் ஏடுகளைக் கோயில் காத்தது. நம் வீட்டுத் தட்டுகளைக் காப்பவர் யார்?

பிரித்து விற்பதால் வரும் இழப்பு

1980களில் ஒலிநாடா பரவிய பின் தட்டுகள் பரணேறின. பழைய இரும்புக்கடைக்கு எடைக்குப் போட்டோர் உளர். வினைல் தட்டைச் சுடுநீரில் இட்டு வளைத்துக் கிண்ணம் செய்தோரும் உளர். இன்று நிலை மாறியுள்ளது. பழந்தட்டுகளுக்கு விலை உண்டு என்று தெரிந்ததும் அவற்றைத் தேடி வணிகர் வருகின்றனர். இது ஒரு வகையில் நன்று. எடைக்குப் போவதினும் விலைக்குப் போவது மேல். ஆயினும் அதில் ஓர் இழப்பு உண்டு. தமிழ்த் தட்டுகள் சென்னைக்கும், தெலுங்குத் தட்டுகள் ஐதராபாத்திற்கும், அரிய திரையிசைத் தட்டுகள் அயல்நாட்டிற்கும் எனத் தனித்தனியே பிரிந்து செல்லும்போது ஒவ்வொரு தட்டும் பிழைக்கின்றது. ஆனால் அவை ஒரே வீட்டில் இருந்தன என்னும் செய்தி இறந்துபடுகின்றது. எல்லைப்புறத்துத் தமிழ்க் குடும்பம் எவற்றைக் கேட்டது, இரு மொழிகளையும் எவ்வாறு தன் வீட்டில் இருத்தியது என்பதற்கு அத்தொகுதியே சான்று. தனித்தட்டின் வரலாற்றை நாட்டின் எந்த மூலையிலிருந்தும் எழுதலாம். தொகுதியின் வரலாற்றை அவ்வீட்டாரே எழுத வேண்டும்.

இத்துறையில் உழைத்தோர் நமக்கு வழிகாட்டிகளாக உள்ளனர். ஆஸ்திரேலிய அறிஞர் மைக்கேல் கின்னியர் கிராமபோன் கம்பெனியின் தொடக்ககால இந்தியப் பதிவுகளை எண்வாரியாக நூலாக்கினார். 1990இல் மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் தோன்றியது. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டுகளைத் தனியொருவராகத் திரட்டினார். தெலுங்கு மரபில் வந்த அவர் தமிழ்த் தட்டுகளையும் அதே அன்போடு பேணினார். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களை மூலமாகக் கொண்டு 1994இல் சென்னையில் எழுந்த ஆராய்ச்சி நூலகம் பழைய பாட்டுப் புத்தகங்களையும் பாதுகாத்து வருகின்றது.

நாம் செய்யத்தக்கவை

பெரும் பொருட்செலவு எதுவும் இதற்கு வேண்டுவதில்லை. தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல், புத்தகம் போல் நிமிர்த்தி வைத்தல் வேண்டும். அடுக்கிய பாரத்தில் அடித்தட்டு விரிசல் காணும். வெயிலும் அடுப்புச் சூடும் படாத இடம் நன்று. அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த எந்த நீர்மத்தாலும் துடைக்கலாகாது. சாராயத்தில் அரக்கு கரைந்துவிடும். மென்துணியில் சிறிது தூயநீர் போதும். லேபிளில் ஈரம் படலாகாது. பழைய எஃகு ஊசியால் அரிய தட்டை மீண்டும் மீண்டும் ஓட்டினால் வரி தேய்ந்து குரல் மங்கும். எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டின் வரி அகலமானது; அதற்கென உள்ள ஊசியைப் பொருத்திய கருவியில் ஒருமுறை ஓட்டி, ஒலியைக் கணினியில் பதிந்துகொண்டு, தட்டுக்கு ஓய்வு அளிப்பதே முறை.

உறையை எறியலாகாது என்பதைச் சிறப்பாக வற்புறுத்துகின்றோம். அந்நாளில் கடைக்காரர் தம் கடையின் பெயரையும் ஊரையும் உறையில் அச்சிட்டோ முத்திரையிட்டோ தந்தனர். சென்னையில் அச்சான உறையா, வேலூர்க் கடையின் முத்திரையா, சித்தூர்க் கடையின் முத்திரையா என்பதைப் பார்த்தால் தட்டு வந்த வழி தெரியும். உறையின் மூலையில் பாட்டனார் மையால் எழுதிய பெயரும் நாளும் இருந்தால் அது விலைமதிப்பற்றது. விற்பனைக்கு அது கறை. வரலாற்றுக்கு அதுவே கையொப்பம்.

இறுதியாக, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தட்டேடு எழுதப்பட வேண்டும் என்பது நம் வேண்டுகோள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தட்டின் சின்னம், வரிசை எண், அச்சு எண், பாடியவர், பாட்டு, மொழி, வாங்கிய இடம், வாங்கியவர், எந்த நிகழ்ச்சியின் பொருட்டு வாங்கப்பட்டது என்பவற்றை வரிசையாக எழுதினால் ஆயிற்று. தமிழ்த் தட்டு, தெலுங்குத் தட்டு என்று பிரிக்காமல் வீட்டில் இருந்தபடியே எழுதுதல் வேண்டும். பின்னொரு நாள் தட்டுகளை விற்க நேரினும், பங்கு பிரிக்க நேரினும் ஏடு நிற்கும். அத்தகைய ஏடுகள் சங்கத்தில் ஒன்றுசேருமாயின் வேங்கடச் சாரலில் வாழ்ந்த தமிழரின் செவி வரலாறு ஒன்று உருவாகும்.

நம் பிள்ளைகள் பலர் தெலுங்கு வழியிலும் ஆங்கில வழியிலும் பயில்கின்றனர். தமிழ் எழுத்தைத் தடுமாறிப் படிப்போரும் அவருள் உளர். அவர்களால் பாட்டனாரின் கடிதத்தைப் படிக்க இயலாமற் போகலாம். பாட்டனார் கேட்ட பாட்டைக் கேட்க எழுத்தறிவு தேவையில்லை. தட்டைச் சுழலவிட்டு, ஏ.எம். ராஜாவின் குரலை முதலில் தெலுங்கிலும் பின்னர் தமிழிலும் அவர்கள் கேட்கட்டும். தாம் நடமாடும் இரு மொழிகளும் ஒரே தொண்டையிலிருந்து பிறந்து வருவதை உணர்வார்கள். தமிழைக் கற்க வேண்டும் என்று நாம் ஆயிரம் முறை சொல்வதனினும் அது அவர்களைத் தமிழை நோக்கி அழைத்து வரும். அதற்கு அத்தட்டு உடையாமல் இருக்க வேண்டும்; அதன் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அவ்விரண்டையும் செய்வது இன்று பரண் ஏறத் தக்க வலிமையுள்ள நம் தலைமுறையின் பொறுப்பாகும்.